ஊழியப் பயணத்துக்குக் கிளம்பும் குடும்பம்: டிக்கெட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

"நம்ம சபைக் குடும்பம் ஒண்ணு மே மாசம் நேபாளத்துக்கு ஊழியத்துக்குப் போறாங்க. ஜெபத்துல தாங்குங்க. முடிஞ்சவங்க கையாலயும் தாங்குங்க."

ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் இப்படி ஓர் அறிவிப்பைச் சபைக்குப் போகிற பலரும் கேட்டிருப்பார்கள். அடுத்த சில வாரங்களில் கவரில் காணிக்கை வரும், ஜிபே-யில் வரும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். கடைசியில் பற்றாக்குறைக்கு வீட்டம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். டிக்கெட், பெட்டி, ஸ்வெட்டர் என்று வீடே பரபரப்பாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயங்களை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வசூலாகும் பணம் சட்டப்படி யாருடையது? போகிற நாட்டில் எதைச் செய்ய அனுமதி இருக்கிறது?

புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் 12 நாள், காத்மாண்டு பக்கம்.

வாங்கிய ஊரும் கொடுத்த ஊரும்

திண்டுக்கல்லுக்கு இந்தக் கதை புதிதல்ல, திசைதான் மாறியிருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் தொடங்கியது. மறு ஆண்டே, 1835-ல், திண்டுக்கல்லில் அதன் நிலையம் வந்துவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கான பணம் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சங்கத்திலிருந்து வந்தது. அங்கே அது பெரும்பாலும் சாதாரண சபைகளில் சேர்த்த காசுதான்.

மதுரை மிஷனைத் தொடங்கியவர்கள் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. அதே யாழ்ப்பாணத்திலிருந்துதான் இன்னொரு திருப்பமும் வந்தது. 1902-ல் அங்கே போன வி.எஸ்.அசரியா, யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் தொண்டிக்கு ஊழியர் அனுப்பியிருப்பதைத் தெரிந்துகொண்டார். நம்ம ஊருக்கே அவங்க அனுப்புறாங்க, நாம யாருக்கும் அனுப்பலையே என்ற உறுத்தல் அவருக்கு. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை.

பணம் என்று சொன்னாலும் பல வீடுகளில் அது அரிசிதான். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் சபைக்குப் போகும். மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது. பிடியரிசியில் ஒரு வசதி இருந்தது: அது நேராகச் சபைக்குப் போனது, தனி ஆளின் கைக்குப் போகவில்லை. இன்றைய ஜிபே அப்படியில்லை.

காணிக்கைக்கு வரியா?

நாகல்நகர்க் குடும்பத்துக்குச் சபையார் அனுப்பும் பணம் கணவரின் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. ஒருத்தர் 500, ஒருத்தர் 2,000, துபாயில் வேலை பார்க்கும் நண்பர் 25,000. சட்டத்தின் பார்வையில் இவை அவருக்கு வந்த அன்பளிப்பு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் இப்படிப்பட்ட தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகையுமே அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். உறவினர் தந்தால் வரம்பு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலும் நாம் நினைப்பதுபோல் இல்லை. சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் உறவினர் அல்ல.

"அப்ப சபை டிரஸ்ட் கணக்குலயே வாங்கிடலாமே" என்று தோன்றும். கணக்குக்கு அதுதான் சுத்தம். ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் தங்கள் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவழித்தால்தான் பொதுவாக விலக்கு. வெளிநாட்டில் நடக்கும் பணிக்குச் செலவிட்டால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் தேவைப்படும். உள்ளூர்ச் சபைகள் பெரும்பாலும் இதை ஆடிட்டர் சொல்லித்தான் கேள்விப்படுகின்றன, அதுவும் பயணம் முடிந்த பிறகு.

வெளிநாட்டுச் சபை ஒன்று "நாங்களே டிக்கெட் போடுறோம்" என்றால் வேறு சட்டம் உள்ளே வருகிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, சமயப் பணிக்காக வெளிநாட்டு அமைப்பிடமிருந்து பணம் வாங்க மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுபெற்ற அமைப்புகளும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. ஊர்ச் சபை ஒன்றின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கு நேராக டாலர் வந்தால் சிக்கல்.

"அரசாங்கமே மானியம் தருதே?" என்றும் சிலர் கேட்பார்கள். தருகிறது, ஆனால் இதற்கில்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டம் ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கானது. முதலில் 20,000 ரூபாயாக இருந்த உதவி, பின்னர் ஒருவருக்கு 37,000, கன்னியாஸ்திரிகள், அருட்சகோதரிகளுக்கு 60,000 என உயர்ந்தது. பெத்லகேம், நாசரேத், யோர்தான் நதி, கலிலேயக் கடல் என்று போய்விட்டு வருகிறவர்களுக்குத்தான் அது. ஊழியப் பயணத்துக்கு அதில் இடமில்லை.

டூர் ஏஜென்சியின் பேக்கேஜில் போனால் டிசிஎஸ் என்று ஒரு பிடித்தம் உண்டு. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, புக் செய்யும் அன்று கேட்டுக்கொள்வது நல்லது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். பலர் அதை ஏஜென்சி கமிஷன் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

எல்லையில் யாரும் கேட்பதில்லை, அதுதான் ஆபத்து

நேபாளம் ஏன் பலருடைய முதல் தேர்வு? செலவு குறைவு. 1950 இந்திய–நேபாள ஒப்பந்தத்தால் இந்தியருக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அட்டையே பெரியவர்களுக்குப் போதும். சென்னை போய் கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சோனாலி, நடந்தே எல்லையைக் கடக்கலாம். விசாவே இல்லாததால், "எதுக்கு வர்றீங்க?" என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. எல்லாம் அனுமதிக்கப்பட்டதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

உண்மை வேறு. 2015-ல் வந்த நேபாள அரசியலமைப்பின் 26-வது பிரிவு வழிபாட்டு உரிமையைத் தருகிறது. அதே பிரிவு, ஒருவரை இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-வது பிரிவில் தண்டனையும் இருக்கிறது: 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடு கடத்தல். மாற்ற முயன்றாலும் குற்றம்தான்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமல்ல. 2016-ல் தோலகா மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயேசு பற்றிய சித்திரப் புத்தகம் கொடுத்ததாக 8 பேர் கைதானார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் விடுதலையானார்கள் என்றாலும் அலைச்சல் அலைச்சல்தான். 2021-ல் டோல்பா மாவட்ட நீதிமன்றம் ஒரு நேபாளப் போதகருக்கு 2 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஓராண்டானது.

இதனால் நாகல்நகர்க் குடும்பம் போகவே கூடாதா? அப்படியில்லை. அங்குள்ள சபையில் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், விசுவாசிகளோடு ஜெபிக்கலாம். பையில் 200 கைப்பிரதிகளை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதுதான் வேறு விஷயம். அதிலும் பிள்ளைகளின் கையில் கொடுத்து விநியோகிக்கச் சொல்வது. 'சின்னப் புள்ளைங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்பது தவறான கணக்கு, கூட வந்த பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆபத்து நம்மோடு முடிவதுமில்லை. நாம் ஊருக்கு ரயிலேறிவிடுவோம், அழைத்த உள்ளூர்ப் போதகர் அங்கேயே இருப்பார்.

சிங்கப்பூரில் தமிழ்ச் சபைகள் உண்டு, அழைப்பும் வரும். அங்கே சட்டம் வேறு மாதிரி: சமயக் கூட்டத்தில் பேசப் போகும் வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் மேடையேற முடியாது. குறுகிய காலப் பணி அனுமதியை அழைக்கும் சபை முன்கூட்டியே வாங்க வேண்டும். "சும்மா சாட்சி சொல்லத்தான்" என்றாலும் முதலில் அந்தச் சபையிடம் கேட்டுவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டும் பள்ளிக்கூடமும்

நேபாளத்துக்குக் கட்டாயமில்லை என்றாலும் பாஸ்போர்ட் கையில் இருப்பது நல்லது. திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1,000. ஆக, இந்தக் குடும்பத்துக்கு 5,000. தட்கல் என்றால் ஆளுக்கு இன்னும் 2,000.

இந்தக் குடும்பத்தில் அதிகம் தாமதமாகக்கூடியது ஆசிரியையின் கோப்புதான். அரசு ஊழியர் வெளிநாடு போக, விடுமுறை நாளாக இருந்தாலும், துறையின் அனுமதி வேண்டும். தங்குமிடத்தையும் பயணத்தையும் ஒரு வெளிநாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டால், அதற்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியும் தனியாகத் தேவை. விண்ணப்பத்தில் 'சுற்றுலா' என்று எழுதிவிட்டு, சபை நோட்டீஸில் 'நேபாள ஊழியம்' என்று போட்டோவோடு அச்சடித்தால், அந்த இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வரும் நாளில் விளக்கம் கேட்கப்படுவது ஆசிரியையிடம்தான். மே மாதப் பயணத்துக்கு அந்த விண்ணப்பத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுவது நல்லது, வளையல் அடகுக்குப் போவதற்கு முன்னால்.