முகம் காட்டாமல் இரை போடும் தொண்டர்கள்!

பசித்த குஞ்சுக்கு இரை போட வேண்டும். ஆனால் போடுகிறவரின் முகம் குஞ்சின் கண்ணில் படக்கூடாது. குரல் காதில் விழக்கூடாது. தொட்டுத் தடவவே கூடாது.

இப்படியும் ஒரு வேலையா? உண்டு. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் கோடை விடுமுறையில் இந்த வேலைக்கு விரும்பி வந்தார்கள். பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. மலை உச்சியில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆனாலும் வந்தார்கள்.

அவர்கள் காவல் காத்தது பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையை.

காக்கையை விடச் சற்றுத்தான் பெரியது இந்தப் பறவை. ஆனால் வானத்தின் உச்சியிலிருந்து இரை மீது பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்! சாதாரண ரயிலும் காரும் கிட்டே நிற்க முடியாது. உலகில் இதை விட வேகமான பிராணி கிடையாது. குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் இது வந்து போகிறது.

அப்பேர்ப்பட்ட பறவைக்கும் ஒரு சமயம் ஆபத்து வந்தது. துப்பாக்கியால் வந்ததல்ல. வலையால் வந்ததல்ல. பூச்சி மருந்தால் வந்தது!

முட்டை நொறுங்கியது

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு வயல்களில் டி.டி.டி. மருந்தைத் தாராளமாகத் தெளித்தார்கள். அது பூச்சியின் உடம்பில் சேர்ந்தது. பூச்சியைச் சிறு பறவை தின்றது. சிறு பறவையை வல்லூறு தின்றது. கடைசியில் நஞ்சு முழுவதும் வல்லூறின் உடம்பில் வந்து குவிந்தது.

வல்லூறு உடனே சாகவில்லை. முட்டையும் இட்டது. ஆனால் முட்டை ஓடு மெலிந்து போயிற்று. அடை காக்க உட்கார்ந்த தாயின் பாரம் தாங்காமல் முட்டை நொறுங்கியது! ஓடு மெலிந்ததை இங்கிலாந்தைச் சேர்ந்த டெரக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி 1967-ல் எடுத்துக் காட்டினார். அதற்குள் காரியம் மிஞ்சி விட்டது. 1960-களின் நடுவிலேயே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பொரி வல்லூறு ஒன்று கூட இல்லை.

டாம் கேட் என்ற பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. அவர் சிறு வயதிலிருந்தே வல்லூறு வளர்த்துப் பழகியவர். 1970-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 'பெரக்ரின் நிதி' என்ற சங்கத்தைத் தொடங்கினார். 'பெரக்ரின்' என்பது பொரி வல்லூறின் ஆங்கிலப் பெயர். நீண்ட கொட்டகை ஒன்றில் வல்லூறு ஜோடிகளை வளர்த்தார்கள். அதற்கு 'வல்லூறு அரண்மனை' என்று செல்லப் பெயர் வந்தது. 1972-ல் அமெரிக்க அரசு வயல்களில் டி.டி.டி. தெளிக்கத் தடை போட்டது. 1973-ல் கொட்டகையில் 3 ஜோடிகள் 20 குஞ்சுகளைக் கொடுத்தன!

குஞ்சு கிடைத்து விட்டது. ஆனால் அதைக் காட்டில் எப்படி விடுவது? தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வேட்டை சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? இந்த இடத்தில்தான் நம் மாணவர்கள் வருகிறார்கள்.

மலை உச்சியில் காவல்

குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 5 வாரம் ஆனதும், அவற்றை ஒரு மரப் பெட்டியில் வைத்து மலை விளிம்புக்குக் கொண்டு போவார்கள். பெட்டியின் முன்பக்கம் கம்பிகள். குஞ்சுகள் அதன் வழியாக வானத்தையும் பள்ளத்தாக்கையும் பார்த்துக் கொண்டே இருக்கும். 'இதுதான் நம் ஊர்' என்று மனசில் பதிந்து விடும்.

பின்பக்கத்தில் ஒரு குழாய். மாணவர் ஓசைப்படாமல் வந்து, செத்த காடையை அந்தக் குழாய் வழியாக உள்ளே தள்ளி விட்டுப் போய் விடுவார். இரை எங்கிருந்து வந்தது என்று குஞ்சுக்குத் தெரியாது.

ஏன் இவ்வளவு ஒளிவு மறைவு? காரணம் இருக்கிறது. மனிதன் கையால் தின்று பழகிய குஞ்சு மனிதனையே தாய் என்று நினைத்துக் கொள்ளும். வளர்ந்த பிறகும் வேட்டைக்குப் போகாது. மனிதரைக் கண்டால் இரை கேட்டுக் கத்திக்கொண்டு வரும். வளர்ந்து ஜோடி சேர வேண்டிய காலத்தில் தன் இனத்தைச் சீந்தாது. அன்பு காட்டப் போய் அதன் வாழ்வையே கெடுத்ததாக முடியும். பறவை மீது பிரியம் உள்ளவர்களுக்கு இதை விடக் கஷ்டமான கட்டளை இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

சில நாட்கள் கழித்துப் பெட்டியின் கம்பிக் கதவைத் திறந்து விடுவார்கள். குஞ்சுகள் தயங்கித் தயங்கி வெளியே வரும். சிறகை அடித்துப் பார்க்கும். ஒரு நாள் பறந்து விடும். ஆனால் வேட்டையாடத் தெரியாது. பசித்தால் பெட்டிக்குத்தான் திரும்பும். ஆகவே இன்னும் நாலைந்து வாரம் இரை வைக்க வேண்டும்.

பொழுது விடிந்தது முதல் இருட்டும் வரை தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கொண்டிருப்பதே மாணவர்களின் வேலை. ஒவ்வொரு பறவையின் காலிலும் அடையாள வளையம் இருக்கும். எது வந்தது, எது வரவில்லை, எது எதைத் துரத்தியது, எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்குமா? இராது. ராத்திரியில் கொம்பன் ஆந்தை வரும். பறக்கக் கற்றுக் கொண்டிருக்கும் இளம் வல்லூறைத் தூக்கிக் கொண்டு போய் விடும். ஒரு மாதமாகக் கண்ணில் வைத்துக் காத்த பறவைகளில் ஒன்று விடிந்து பார்த்தால் இருக்காது. தேடிப் போனால் சிறகு மட்டும் கிடக்கும். அன்றைய கணக்கையும் அந்த மாணவரேதான் நோட்டில் எழுத வேண்டும்.

ஆந்தைக்குப் பயந்து, மலையை விட்டு இடத்தை மாற்றினார்கள். கடலோரச் சதுப்பு நிலத்தில் உயரமான கோபுரம் கட்டி, அதன் மேல் பெட்டியை வைத்தார்கள். நகரத்து மாடிக் கட்டடங்களின் உச்சியிலும் வைத்தார்கள். அது நல்ல யோசனை. 1980-ல் நியூஜெர்சி மாநிலத்துக் கோபுரங்களில், முன்பு விடப்பட்ட பறவைகள் தாமே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன!

கடைசிக் குஞ்சும் தானாக வேட்டையாடக் கற்றுக் கொண்டு, நாட்கணக்கில் பெட்டிப் பக்கமே வராமல் போனால், கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான். பறவை போகும்போது நன்றி சொல்வதில்லை. யாருக்குச் சொல்வது என்றும் அதற்குத் தெரியாது!

இப்படி அந்தச் சங்கம் மட்டும் விட்ட வல்லூறுகள் 4,000-க்கு மேல். முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் மடிந்து விடும் இனம் இது. ஆகவேதான் அத்தனை ஆயிரம் தேவைப்பட்டது. 1999 ஆகஸ்டில், அழியும் ஆபத்தில் உள்ள பிராணிகளின் பட்டியலிலிருந்து பொரி வல்லூறின் பெயரை அமெரிக்க அரசு எடுத்து விட்டது.

பாய்சி நகரத்து நிலையம்

1984-ல் இந்தச் சங்கம் இடாஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி நகருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் 'உலக வேட்டைப் பறவை நிலையம்' அமைத்தது. அங்கே இன்றும் பயிற்சி மாணவர்களும் தொண்டர்களும் வேலை செய்கிறார்கள்.

கையில் தோல் உறை மாட்டி, அதில் கழுகை ஏற்றிக் கொண்டு கம்பீரமாக நிற்கலாம் என்று எண்ணி இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிறவர்கள் உண்டு. அதுவும் நடக்கும். ஆனால் அதற்கு முன் துடைப்பம் காத்திருக்கிறது! கூண்டைக் கழுவ வேண்டும். சுவரில் தெறித்த எச்சத்தைச் சுரண்ட வேண்டும். காடையை அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பறவையைத் தராசில் நிறுத்தி எடையைக் கிராம் கணக்கில் குறிக்க வேண்டும். வேட்டைப் பறவை நோயை வெளியே காட்டிக் கொள்ளாது. எடை குறைந்தால்தான் 'ஏதோ சரியில்லை' என்று தெரியும். அலட்சியமாக எடை போட்டால் ஓர் உயிர் போகும்.

பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் தொண்டர்களின் வேலை. அதற்கென்றே சில பறவைகள் இருக்கின்றன. காட்டில் விட்டால் பிழைக்க முடியாதவை அவை. அவற்றைக் கிட்டே பார்க்கும் பையன், பிறகு கவணை எடுக்க யோசிப்பான்.

பொம்மைத் தாய்

அந்த நிலையத்தின் பெரிய வேலை காண்டார் கழுகை வளர்ப்பது. இது பிணந்தின்னிக் கழுகு. சிறகை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல்! 1982-ல் உலகம் முழுவதிலும் 22 காண்டார்களே இருந்தன. 1987-ல், காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பாய்சி நிலையம் 1993-ல் இந்தப் பணியில் சேர்ந்தது.

குஞ்சுக்கு இரை ஊட்டுகிறவர் தம் கையில் ஒரு பொம்மையை மாட்டிக் கொள்வார். அது தாய்க் கழுகின் தலை போலவே இருக்கும். திரைக்குப் பின்னால் ஆள். முன்னால் பொம்மைத் தலை. நம் ஊர்ப் பொம்மலாட்டம் மாதிரிதான்!

ஆனால் பொம்மை மட்டும் போதவில்லை. அப்படி வளர்ந்த பறவைகளில் சில, காட்டில் விட்ட பிறகு வீடுகளையும் மனிதர்களையும் நாடிப் போயின. பொம்மை ஊட்டும், அதட்டிப் புத்தி சொல்லுமா? ஆகவே வளர்ந்த கழுகுகளோடு சேர்த்து வளர்க்கத் தொடங்கினார்கள். மூத்த கழுகு கொத்தித் துரத்தியது. இளசுகள் அடங்கி நடக்கக் கற்றுக் கொண்டன.

1996 டிசம்பர் முதல் அரிசோனா மாநிலத்தின் செங்குத்துப் பாறைகளில் காண்டார்களை விட்டு வருகிறார்கள். வேட்டைக்காரர் சுட்டுப் போட்ட மானின் உடலில் ஈயக் குண்டுத் துணுக்குகள் தங்கியிருக்கும். அதைத் தின்றால் கழுகுக்கு விஷம். ஆகவே சுத்தமான இரையை, செத்த கன்றுகளை, பாறை உச்சிக்குச் சுமந்து போய் வைத்தார்கள். எப்போது தெரியுமா? இருட்டிய பிறகு! இங்கேயும் பறவை ஆளைப் பார்த்து விடக் கூடாது. இன்று உலகில் காண்டார்கள் 500-க்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் கவலை விடவில்லை. 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து, அரிசோனா பக்கத்தில் 21 காண்டார்கள் இறந்தன.

நம் ஊர்க் கழுகு எங்கே?

இவ்வளவு தூரத்துச் சமாசாரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பக்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு.

பாறு என்று நாம் சொல்லும் பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் நம் நாட்டில் திடீரென்று மறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு 15 ஆண்டுக்குள் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்து போயிற்று. என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை.

2000-ஆம் ஆண்டில் பெரக்ரின் நிதிச் சங்கம் பாகிஸ்தானில் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அங்கே முல்தான் நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். பஞ்சாப் வெயில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் மரம் மரமாகப் போய்க் கூடுகளை எண்ணினார்கள். கீழே விழுந்து கிடந்த கழுகுகளின் உடல்களைச் சேகரித்தார்கள். செத்த மாட்டைத் தின்னும் பறவையின் செத்த உடல். நாற்றத்தை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்!

அந்த உடல்களை அறுத்துப் பார்த்தார் லின்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை வைத்தியர். சிறுநீரகம் கெட்டு இறந்த 25 கழுகுகளைச் சோதித்ததில், 25-லும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து இருந்தது. மாட்டுக்கு வலி தீரக் கொடுக்கும் மருந்து அது! மருந்து கொடுத்த மாடு செத்தால், அதைத் தின்ற கழுகும் செத்தது. 2004-ல் இந்த முடிவு வெளியாயிற்று. 2006-ல் இந்திய அரசு இந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தயாரிக்கத் தடை விதித்தது.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்றும் கூடு கட்டும் முக்கியமான இடம், நீலகிரி அடிவாரத்தில் உள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கு. 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து கணக்கெடுத்தன. வனத்துறையினரோடு தொண்டர்களும் காட்டில் நின்று வானத்தைப் பார்த்து எண்ணினார்கள். கணக்கில் வந்தவை 320 கழுகுகள்.