ஆவடியில் பிறக்கும் ரஷ்ய டாங்கிகள்

ஐப்பசி மழை நாலு நாள் அடித்துப் பெய்துவிட்டால், திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது எத்தனை பாடு என்று அருப்புக்கோட்டை வட்டார மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் டயரில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரமே சுற்றாது. அந்தக் காட்டில் 41 டன் டாங்கி ஒன்றை இறக்கினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். டி-72 என்னும் ரஷ்ய டாங்கியின் எடை சுமார் 41,500 கிலோ. அதன் சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் 58 செ.மீ. அகலம். தரையில் படியும் நீளம் ஏறத்தாழ 427 செ.மீ. இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்துப் பரப்பளவு கிட்டத்தட்ட 49,500 சதுர செ.மீ. ஆகவே ஒரு சதுர செ.மீ. மண்ணின் மேல் விழும் எடை 0.84 கிலோதான்! நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டயரோ ஏறத்தாழ 3 கிலோ அழுத்துகிறது. அதற்காக டாங்கி சேற்றில் சிக்கவே சிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். 2022-இல் உக்ரைன் வயல்களில் பல டாங்கிகள் புதைந்து நின்றன.

இந்த டி-72 நமக்கு அந்நியமானதல்ல. சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, முதலில் பிரிட்டிஷ் வடிவமைப்பான 'விஜயந்தா'வைச் செய்தது. 1980களின் பிற்பகுதியில் டி-72ஐ உரிமம் பெற்று 'அஜேயா' என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. டி-90 டாங்கிகளுக்கான ஒப்பந்தம் 2001-இல் ஆயிற்று. அவை இங்கே 'பீஷ்மா' ஆயின.

டாங்கி வடிவமைப்பில் ரஷ்யர்களின் பழைய கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளரிக்காயை நேராக வெட்டினால் சிறு வட்டம் கிடைக்கும். சாய்த்து வெட்டினால் நீண்ட வில்லை கிடைக்கும் அல்லவா? 1940-இல் வந்த டி-34 டாங்கியின் முன்தகடு 45 மி.மீ. கனம். செங்குத்திலிருந்து 60 பாகை அதைச் சாய்த்து வைத்தார்கள். எதிரே வரும் குண்டு 90 மி.மீ. இரும்பைத் துளைத்தாக வேண்டும். எடை கூட்டாமலே கிடைத்த பாதுகாப்பு இது.

டி-72-இல் இன்னொரு துணிச்சல் செய்தார்கள். குண்டு எடுத்துக் கொடுக்கும் ஆளையே நீக்கிவிட்டார்கள்! கோபுரத்தின் அடியில் குடை ராட்டினம் போன்ற தட்டு ஒன்று சுழல்கிறது. அதில் 22 குண்டுகளும் அவற்றுக்கான வெடிமருந்தும் அடுக்கப்பட்டிருக்கும். வேண்டிய குண்டு மேலே வந்ததும் இயந்திரக் கை அதைப் பீரங்கிக்குள் தள்ளிவிடும். உள்ளே இருப்பவர் மூவர் மட்டுமே. ஒருவர் குறைந்ததால் கோபுரம் சிறியதாயிற்று, உயரமும் சுமார் 2.2 மீட்டரோடு நின்றது. எதிரி கண்ணுக்கு அது எளிதில் படாது.

ஆனால் கோபுரத்திலுள்ள இரு வீரர்களும் வெடிமருந்தின் மேலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்! கவசத்தைத் துளைத்து வரும் குண்டு உள்ளிருக்கும் மருந்தைப் பற்ற வைத்தால், கோபுரமே பெயர்ந்து ஆகாயத்தில் பறக்கும். 1991 வளைகுடாப் போரிலும், செச்சன்யாவிலும், உக்ரைனிலும் இது நடந்தது. சிறிய டாங்கி என்ற லாபத்துக்கு மனித உயிர் விலையாகிறது. ரஷ்யர்களும் இதை உணர்ந்தார்கள் போலும். 2015-இல் காட்சிக்கு வந்த டி-14 அர்மாடாவின் கோபுரத்தில் ஆளே இல்லை. வீரர்கள் முன்புறத்தில் தனிக் கவச அறையில் இருக்கிறார்கள்.

பழைய டாங்கிகளை என்ன செய்வது? ஒரு வழி, வெடிக்கவசம். இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெடிமருந்து வைத்த பெட்டிகளை டாங்கியின் மேல் பதிக்கிறார்கள். எதிரியின் ஏவுகுண்டு மோதியதும் உலோகத் தாரை ஒன்று ஊசி போலப் பீறிட்டு வரும். உடனே பெட்டி வெடிக்கிறது. தகடுகள் பறந்து, அந்தத் தாரையின் குறுக்கே பாய்ந்து அதைச் சிதைத்துவிடுகின்றன. நெருப்பை நெருப்பால் அணைப்பது மாதிரிதான்!

கவசம் ஏறினால் எடையும் ஏறும், எஞ்சின் திணறும். டி-72-இன் எஞ்சின் 780 குதிரைத்திறன் கொண்டது. அதாவது டன்னுக்கு 19க்கும் சற்றுக் குறைவு. 1000 குதிரைத்திறன் எஞ்சின்களை வாங்கவும், தொழில்நுட்பத்தைப் பெற்று ஆவடியிலேயே செய்யவும் 2025 மார்ச்சில் ரஷ்ய நிறுவனத்துடன் 24 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. புது எஞ்சினோடு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் வரும்? நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பீரங்கியிலும் இதே கதைதான். சோவியத் நாட்டின் எம்-46 பீரங்கி 130 மி.மீ. குழல் உடையது, அதன் குண்டு 27 கி.மீ. தூரம் போகும். நம் பொறியாளர்கள் அதை 155 மி.மீ. பீரங்கியாக மாற்றி 'சாரங்' எனப் பெயரிட்டார்கள். இப்போது குண்டு 36 கி.மீ.க்கு அப்பாலும் போய் விழுகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குள்ள தூரத்தைப் போல அது இரு மடங்குக்கும் மேல்.