'செக் இன்ஜின்' லைட் எரியுதா? காரை லேப்டாப்புடன் இணைத்து நீங்களே பார்க்கலாம்.. பழைய கார் வாங்குறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

பசுமலையில் இருந்து திருப்பரங்குன்றம் பக்கம் கார் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட லைட் எரிகிறது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடுது. சத்தம் இல்லை, புகை இல்லை. இப்போ என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பில் விட்டால், 'ஸ்கேன் பண்ணித்தான் பார்க்கணும்' என்பார்கள்.

அந்த ஸ்கேனின் அடிப்படை வேலையை வீட்டில் இருக்கும் லேப்டாப்பை வைத்து நீங்களே செய்யலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன்னா, எரிய வேண்டிய லைட்டை அணைத்துவிட்டு காரை விற்பது ரொம்ப சுலபம். அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இதே இணைப்பில்தான் இருக்கிறது.

ஓபிடி என்றால் என்ன?

காரின் இன்ஜினை இப்போது இசியு எனப்படும் சின்ன கம்ப்யூட்டர்தான் நிர்வகிக்கிறது. ஆக்சிஜன் சென்சார், வெப்பநிலை சென்சார் என பல சென்சார்கள் அதற்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு அளவு எல்லை மீறினால், இசியு ஒரு குறியீட்டைப் பதிவு செய்துவிட்டு லைட்டை எரிய விடும். இந்த ஏற்பாட்டின் பெயர்தான் ஓபிடி.

இது வந்தது மெக்கானிக்குகளுக்காக அல்ல, காற்று மாசைக் குறைப்பதற்காக. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 1988 மாடல் கார்களில் இருந்து இதைக் கட்டாயமாக்கியது. 1996 மாடலில் இருந்து அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 என்ற பொதுவான முறை வந்தது. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி குறியீடுகள். அதனால்தான் ஒரே கருவி பல நிறுவனங்களின் கார்களுக்கும் பொருந்துகிறது.

இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆனால் பிஎஸ்-4 முதலில் சென்னை உள்ளிட்ட 13 பெரிய நகரங்களுக்கு மட்டும்தான். நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரல் 1-ம் தேதி.

இதில் மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2010-க்குப் பிறகு வாங்கிய கார் என்பதாலேயே அது பிஎஸ்-4 ஆக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிஎஸ்-3 காராக இருந்தால் சாக்கெட் இருந்தும் சாதாரண கருவி வேலை செய்யாமல் போகலாம். ஆர்.சி. விவரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

என்னென்ன தேவை?

ஒரு ஓபிடி அடாப்டர், ஒரு லேப்டாப், ஒரு மென்பொருள். அவ்வளவுதான். சந்தையில் அதிகம் கிடைப்பது 'இஎல்எம்327' வகை அடாப்டர். கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப் இது. இதைக் காப்பியடித்த மலிவு சிப்கள்தான் கடைகளில் அதிகம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டர்களில் சில பாதியிலேயே இணைப்பை விட்டுவிடும். லேப்டாப்புக்கு யுஎஸ்பி கேபிள் வகை நிலையானது. ப்ளூடூத் வகையை லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் இரண்டிலும் பயன்படுத்தலாம்.

மென்பொருளில் 'ஓபிடி ஆட்டோ டாக்டர்', 'ஸ்கேன்மாஸ்டர்' போன்றவை பொதுவானவை. ஃபோர்டு கார் வைத்திருப்பவர்கள் 'ஃபோர்ஸ்கேன்' பயன்படுத்துகிறார்கள். போனில் 'டார்க்' ஆப் பிரபலம்.

இணைப்பது எப்படி?

1. காரை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கும். சில கார்களில் சின்ன மூடி போட்டிருப்பார்கள்.

2. அடாப்டரைச் செருகுங்கள். அதற்குத் தனி கரண்ட் வேண்டாம். சாக்கெட்டின் 16-வது பின்னில் பேட்டரி மின்சாரம் வரும்.

3. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். குறியீடு படிக்க இன்ஜின் ஓட வேண்டியதில்லை.

4. ப்ளூடூத் என்றால் லேப்டாப்பில் 'பேர்' செய்யுங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000. விண்டோஸ் அதற்கு ஒரு 'காம் போர்ட்' எண் கொடுக்கும். யுஎஸ்பி என்றால் முதலில் டிரைவர் மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கலாம்.

5. மென்பொருளில் அந்த காம் போர்ட்டைத் தேர்வு செய்து 'கனெக்ட்' கொடுங்கள். பலருக்கும் இங்கேதான் சிக்கல் வரும். ஒன்றுக்கு மேல் காம் போர்ட் தெரிந்தால், 'அவுட்கோயிங்' என்று காட்டுவதைத் தேர்வு செய்ய வேண்டும்.

இணைந்த பிறகு நடப்பது ஒரு கேள்வி-பதில்தான். லேப்டாப் '01 05' என்று அனுப்பினால், 'கூலன்ட் சூடு எவ்வளவு?' என்று அர்த்தம். கார் '41 05 82' என்று பதில் தருகிறது என வைத்துக்கொள்வோம். கடைசி எண்தான் விடை. இது 16-ன் அடிப்படையிலான கணக்கு. எட்டு பதினாறு 128, அதோடு 2 சேர்த்தால் 130. அதில் 40-ஐக் கழித்தால் 90 டிகிரி செல்சியஸ். இந்தக் கணக்கை மென்பொருளே போட்டு திரையில் காட்டிவிடும்.

குறியீடு வந்தால் உடனே பார்ட்ஸ் மாத்தணுமா?

வேண்டாம். குறியீடு சொல்வது அறிகுறியைத்தான். எந்தப் பாகம் கெட்டது என்று அது நேரடியாகச் சொல்லாது.

உதாரணத்துக்கு 'பி0420' வந்தால், சைலன்சர் பக்கம் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாக அர்த்தம். அது விலை அதிகமான பாகம். ஆனால் ஆக்சிஜன் சென்சார் கோளாறோ, புகைக்குழாயில் சின்ன ஓட்டையோ இருந்தாலும் இதே குறியீடு வரலாம்.

'பி0301' என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள காரில் மெக்கானிக்குகள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் போடுவார்கள். குறியீடு 'பி0302' என மாறினால் கோளாறு காயிலில்தான். மாறவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என அடுத்து பார்க்க வேண்டும்.

குறியீடு பதிவான நேரத்தில் வேகம், சூடு, இன்ஜின் சுழற்சி எவ்வளவு என்ற விவரமும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் இருக்கும். எதையும் அழிப்பதற்கு முன் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்தால் இதுவும் போய்விடும்.

முக்கியமான எச்சரிக்கை: லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு எரிந்தால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பழைய கார் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

'ஸ்கேன் பண்ணியாச்சு சார், ஒரு எரர்கூட இல்லை' என்று விற்பவர் காட்டலாம். அது உண்மையாக இருக்கலாம், காலையில்தான் குறியீட்டை அழித்திருக்கவும் செய்யலாம். அழிக்க ஒரு பட்டன் போதும். சில கார்களில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலே அழிந்துவிடும்.

ஆனால் அழித்ததற்கான தடயம் இரண்டு இடங்களில் இருக்கும்.

முதலாவது, 'ரெடினஸ் மானிட்டர்'. கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றை இசியு தானாகவே சோதித்து 'முடிந்தது' என்று குறித்துவைக்கும். குறியீட்டை அழித்தால் இந்தச் சோதனைகளும் 'முடியவில்லை' நிலைக்குத் திரும்பிவிடும். தினமும் ஓடும் கார் என்று சொல்லப்படும் வண்டியில் பல சோதனைகள் முடியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, 'குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்'. பல கார்களில் இந்த எண் கிடைக்கும். அது 3 கி.மீ., 5 கி.மீ. என்று காட்டினால், அழித்ததற்கு என்ன காரணம் என்று விற்பவரிடம் கேளுங்கள். சமீபத்தில் சர்வீஸ் செய்திருந்தால் அதற்கான பில் இருக்கும்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் டெஸ்ட் டிரைவை நீட்டியுங்கள். தெருவைச் சுற்றி வந்தால் இந்தச் சோதனைகள் முடியாது. பழங்காநத்தம் போன்ற நெரிசலில் நின்று நின்று ஓட்டி, பசுமலை, திருப்பரங்குன்றம் வழியாக கப்பலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் திருமங்கலம் வரை போய்த் திரும்பினால், சில சோதனைகளாவது முடிய வாய்ப்பு உண்டு. காரை நிறுத்திய பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள். மறைத்த கோளாறு சில நேரம் அப்போதே எட்டிப்பார்க்கும். சில கோளாறுகள் வர இன்னும் சில நாள் ஓட்டம் தேவைப்படும்.

இதில் தெரியாதவை என்ன?

சாதாரண அடாப்டர் பெரும்பாலும் இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட குறியீடுகளைத்தான் படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் கோளாறுகளுக்கு அந்தந்த நிறுவனத்துக்கான மென்பொருள் வேண்டும். ஓடோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதையும் இதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. சஸ்பென்ஷன் சத்தம், விபத்து ரிப்பேர், துரு இதெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க.

பாதுகாப்பு விஷயங்கள்

* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் நிற்கும் காரில் அது பேட்டரியைக் குடிக்கும்.

* ப்ளூடூத், இணைய வசதி உள்ள அடாப்டர் என்றால் இன்னும் கவனம் தேவை. 2015-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த சாக்கெட்டில் மாட்டியிருந்த ஒரு கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, கார்வெட் காரின் பிரேக்கையே இயக்கிக் காட்டினார்கள்.

* ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்காதீர்கள். ஓடும்போது அளவுகள் தேவை என்றால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

* வாரன்டி உள்ள காரில் குறியீட்டை நீங்களாக அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், 'இந்தக் குறியீடு வருது, எந்தச் சோதனை செய்து எந்தப் பாகத்தை மாற்றப் போறீங்க?' என்று கேளுங்கள். பதிலை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.