ஏடும் ஏரும்

ஒரு தேசத்தின் பொருளாதாரத்தைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றுவது சுலபம்; அச்சட்டம் குடியானவன் குதிரில் நெல்லாக நிறைவதுதான் கடினம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் வீட்டுப் பெரியோர் நன்கு அறிவர். ராஜ்யம் ஆள்பவர்களே அதனை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு சீர்திருத்தத்தில் தோற்று, மற்றொன்றில் வென்ற வியட்நாமின் கதையை நேயர்கள் சற்றே நோக்குவது நலம்.

1985 செப்டம்பரில் வியட்நாம் சர்க்கார், பத்துப் பழைய டாங்குக்கு ஒரு புதிய டாங் என்று நாணயத்தை மாற்றியது; பண்டங்களின் விலையையும் உத்தியோகஸ்தர் சம்பளத்தையும் உயர்த்தியது. ஆனால் கடைகளில் பண்டம் பெருகவில்லை. சர்க்காரின் செலவும் சுருங்கவில்லை. பற்றாக்குறையை நிரப்ப மேலும் நோட்டுக்கள் அச்சாயின. 1986-இல் விலைவாசி ஏற்றம் 700 சதவிகிதத்தைத் தாண்டிற்று. மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நோய்க்கு மருந்து முன்னரே கிராமத்தில் இருந்தது. 1966-இல், யுத்தத்தின் நடுவே, வட வியட்நாமின் வின்ஃபுக் மாகாணத்துக் கட்சிக் காரியதரிசி கிம் ங்கோக், கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார். குறித்த அளவு நெல்லைப் பண்ணைக்கு அளந்துவிட்டு, மிஞ்சியதை உழுதவரே வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1968-இல் கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவரான ட்ருவோங் சின் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். முறை கைவிடப்பட்டது, கிம் ங்கோக் தம்மைக் குற்றவாளியென ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1979-இல் அவர் காலமானார்.

ஆயினும் வேறு பல கிராமங்களில் அம்முறை மறைவாகத் தலைகாட்டியே வந்தது. 1981-இல் சர்க்கார் அதில் ஒரு பகுதியை அனுமதித்தது. பின்னர் மாகாணங்களைச் சுற்றிப் பார்த்து மனம் மாறிய அதே ட்ருவோங் சின், 1986 டிசம்பரில் கட்சியின் ஆறாவது மாநாட்டில் 'டோய் மோய்' என்னும் புதுப்பித்தலுக்கு வழிதிறந்த அறிக்கையை அளித்தார். தாம் பழித்ததைத் தாமே ஏற்கும் துணிவு சாமானியமானதன்று.

1988-இன் தொடக்கத்தில் வடபகுதி பஞ்சத்தால் வாடியது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான பத்தாம் தீர்மானம், நிலத்தைப் பல ஆண்டுகளுக்குக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. மறு ஆண்டே வியட்நாம் ஏறக்குறைய 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது! அதே 1989-இல் விலைகள் சந்தைக்கு விடப்பட்டன. பாங்கு வட்டியும் உயர்த்தப்பட்டது. இம்முறை நோட்டுக்கு ஈடாகக் கடையில் பண்டம் இருந்தமையால், விலையேற்றம் விரைவில் தணிந்தது. நன்மை எல்லாருக்கும் ஒருபடியாய்க் கிட்டிற்று என்று கூறமாட்டோம். சர்க்கார் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

எனினும் பாடம் தெளிவு. 1985-இல் ஏடு முன்னே சென்றது; ஏர் அசையவில்லை. 1988-இல் ஏர் உழுத சாலின் வழியே ஏடு சென்றது. வின்ஃபுக் வயல்கள் சொன்ன சொல்லுக்கு 1968-இலேயே செவிசாய்த்திருந்தால், எத்தனை வீட்டுக் குழந்தைகளின் பசி தீர்ந்திருக்கும்!