கடலுக்குள் இறங்குமுன் காதையும் மூக்கையும் கேளுங்கள்!

முன்பெல்லாம் பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல். இப்போது அந்தமான்! சென்னையில் காலையில் விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போர்ட் பிளேர். (2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். அதுவும் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு. அங்கே போனால் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறையையும் வண்ண மீன்களையும் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை.

கிளம்புவதற்கு முன் யோசனை கேட்க வருகிறவர்கள், "நீச்சல் தெரியாது டாக்டர், பரவாயில்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். முதல்முறை ஸ்கூபா இறங்குகிறவருக்கு நீச்சல் அவ்வளவு அவசியமில்லை. பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். "சளி பிடிச்சிருக்கு, இறங்கலாமா?" என்று கேட்கிறவர்தான் குறைவு. அசல் கேள்வி அதுதான்!

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முகமூடியும் வாயில் ஒரு குழாயும் வைத்துக்கொண்டு, மேல்மட்டத்தில் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பது ஸ்நார்க்லிங். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது ஸ்கூபா. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் நம்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். மேலே ஒரு லிட்டராக இருந்த காற்று அங்கே அரை லிட்டராகச் சுருங்கும். நம் உடம்பில் காற்று அடைபட்டிருக்கிற இடங்கள் எவை? நடுக்காது, முக எலும்புகளில் உள்ள சைனஸ் அறைகள், நுரையீரல். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அது திறந்து, உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமமாக்கும். மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது காது அடைத்து 'டப்'பென்று விடுகிறதே, அதே வேலைதான். சளி இருந்தால் அந்தக் குழாய் வீங்கி மூடிக்கொள்ளும். அப்போது இறங்கினால் செவிப்பறை உள்ளே இழுபடும், வலிக்கும், சில சமயம் கிழியவும் கிழியும்.

ஆகவே தண்ணீருக்குள் தலை போன உடனேயே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றைத் தள்ள வேண்டும். முரட்டுத்தனமாக ஊதக் கூடாது. வலி வந்த பிறகு செய்தால் பலன் குறைவு. ஒவ்வொரு முழத்துக்கும் வலி வருமுன்பே செய்துகொண்டு போக வேண்டும். காது விடவில்லையா? கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் விடவில்லையென்றால் கையால் சைகை காட்டி ஏறிவிடுங்கள். "இவ்வளவு பணம் கட்டியாச்சே..." என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது புத்திசாலித்தனமல்ல. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது. நொச்சி இலை ஆவி நல்லதுதான், சளிக்கு நானே சொல்வேன். ஆனால் காலையில் ஆவி பிடித்துவிட்டு மதியம் கடலில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு எச்சரிக்கை. இறங்கி வந்த பிறகு காது வலித்தால், பாட்டி வைத்தியம் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். காது மந்தம், தலைசுற்றல், மூக்கில் ரத்தம் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

அடுத்தது மூச்சு. சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்பார்கள். தும்மல், இருமல், கொட்டாவி எல்லாம் அதில் உண்டு, சுவாசமும் உண்டு. ஸ்கூபாவில் இதுவே உயிர் காக்கும் விதி. 10 மீட்டர் ஆழத்தில் நிறைய மூச்சு இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் என்ன பலூனா? கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்கே போய்விடலாம். தினமும் பிராணாயாமம் செய்கிறவர்கள், "நான் ஒரு நிமிஷம் அடக்குவேனே" என்பார்கள். ஐயா, உங்கள் கும்பகத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!

ஸ்நார்க்லிங்கில் வேறொரு ஆபத்து. கிணற்றில் முங்கு நீச்சல் அடித்த பழக்கத்தில், வேகவேகமாக நாலைந்து மூச்சு இழுத்துவிட்டு முங்குகிறவர்கள் உண்டு. மூச்சுவிடத் தூண்டுவது கரியமில வாயு. அதை அப்படி வெளியேற்றிவிட்டால், பிராணவாயு தீர்ந்தாலும் தவிப்பே தெரியாது. முன்னறிவிப்பு இல்லாமல் மயக்கம் வரும், அதுவும் தண்ணீருக்குள். பிள்ளைகள் மிதந்து பார்க்கட்டும், முங்க வேண்டாம். பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பயணத் திட்டத்துக்கு வருவோம். பல குடும்பங்கள் ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்கின்றன. தயவுசெய்து முதலிலேயே முடித்துவிடுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே அழுத்தம் குறைவு. சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழிகள் கிளம்பும். ஒரு முறை மட்டும் இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. முழுசாக ஒரு நாள் விட்டுவிடுங்கள் என்பேன் நான். மேலே மிதந்து மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலையில்லை.

ஸ்கூபா முடிந்து சில மணி நேரத்தில் மூட்டு வலி, மரமரப்பு, தோலில் தடிப்பு, அளவு மீறிய அசதி வந்தால், நம்மவர்கள் "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்துத் தைலம் தேய்ப்பார்கள். ஒரு விதத்தில் வாயுதான், ஆனால் அது கஷாயத்துக்கு அடங்குகிற வாயு அல்ல! உடனே ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும். இறக்கிவிட்ட நிலையத்துக்குப் போன் செய்து, எங்கே கொண்டு போவது என்று அப்போதே கேளுங்கள்.

இறங்குமுன் அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் சீழ், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபா கூடவே கூடாது. 10 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கடலில் இறக்குவதில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி அனுப்புகிற அப்பாக்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

படகில் வாந்தி வருமென்று பயப்படுகிறவர்கள் கிளம்ப அரை மணி முன்னால் ஒரு துண்டு இஞ்சியை மென்று சாப்பிடலாம். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரி மது வேண்டாம். குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துபோவது தெரியாது, ஆகவே முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.