மீன் விடுமுன் தொட்டி நீரைப் பதப்படுத்தல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிற் கடலோரத்தே குடியிருப்பும் மேற்கே வயலுமாகக் கமக்காரர் வாழ்கின்றனர். வளவிற் சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்க முற்படுவோர், தொட்டி நிரம்பிய அன்றே மீனை விடுவதுண்டு. சில நாட்களில் மீன்கள் மேல்நீரில் வாய்திறந்து மிதந்து மடியும். இதற்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று. புதுத்தொட்டியில் நன்மை தரும் பற்றீரியா போதாமையே காரணமாகும்.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அந்த நைத்திரைற்றைத் தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக்கும். 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராத்ஸ்கி இவ்வகைப் பற்றீரியாக்களை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். மிளகாய், கத்தரித் தோட்டங்களிற் பசளையின் அமோனியாவை நைத்திரேற்றாக்குவனவும் இவ்வினத்தவையே. நீர் கட்டிய வயலிலோ இவற்றின் உழைப்பு நட்டத்தில் முடியும். உண்டான நைத்திரேற்று சேற்றினுட் சென்று வாயுவாய்ப் போய்விடும்.

புதுச் சீமெந்தின் காரம் நீங்கும்வரை வாழைத்தண்டுத் துண்டுகளையிட்டு நீரைப் பலமுறை மாற்றுதல் வேண்டும். காரநீரில் அமோனியாவின் நஞ்சு பன்மடங்காகும். குளோரீன் கலந்த குழாய்நீர் பற்றீரியாவைக் கொல்லுமாதலின், உப்புக் கரிக்காத கிணற்று நீரே ஏற்றது. அடியிற் சல்லிக்கல் பரப்பிக் காற்றூட்டுக.

பின்னர் 1000 லீற்றர் நீருக்கு 10 கிராம் அமோனியஞ் சல்பேற்றைக் கரைத்து ஊற்றுக. அதில் நைதரசன் 21 வீதமாதலின், லீற்றருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் சேரும். யூரியா உடைந்த பின்னரே அமோனியாவாகுமாதலின், சோதனையில் அளவு மயங்கும். அமோனியா குறையும்தோறும் சிறிது சிறிதாக இடலாம். மிகுதியாக இட்டால் வேலை விரைவதற்குப் பதிலாகத் தடைப்படும். இரண்டாம் வகைப் பற்றீரியா மிகை அமோனியாவைத் தாங்காது. நோயற்ற பழைய தொட்டியின் சல்லி இரண்டு கைப்பிடி கிடைத்தால் காலம் குறையும். இன்றேல் 4 முதல் 6 வாரம் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரக்காரர் இழப்பது பெரும்பாலும் இக்கட்டத்திலேயே. அமோனியா இறங்கியதைக் கண்டு மீனை விடுவர், அப்போது நைத்திரைற்று உச்சத்தில் நிற்கும்.

மீண்டும் 10 கிராம் இட்டு 24 மணித்தியாலத்தில் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் அற்றுப்போயின் தொட்டி ஆயத்தமாகும். நீரின் பெரும்பகுதியை மிளகாய்ப் பாத்திக்கு இறைத்துப் புதுநீர் நிரப்புக. சல்லியைக் காயவிடலாகாது. மீன்களைச் சிறுதொகையாக, வாரந்தோறும் கூட்டி விடுக.