ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் (ஐக்கிய அமெரிக்கா)

ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற வரும் உறவினர் ஒருவரை, அவர் அரசின் உதவித்தொகையை நாடும் நிலை ஏற்படாதவாறு தாமே பராமரிப்பதாக மனுதாரர் எழுதித் தரும் ஒப்பந்தம் ஆகும். இது ஐ-864 என்னும் எண்ணுடைய படிவத்தில் அளிக்கப்படுகிறது. அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வதிவுரிமை (பச்சை அட்டை) பெற்ற ஒருவர் தம் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளும்போது, ஒருசில விலக்குகள் தவிர, இப்படிவம் கட்டாயமானது. வருமானம் குறைந்த மனுதாரரின் விண்ணப்பம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தடைப்படுகிறது. எனினும் குறைந்த வருமானம் மட்டுமே நுழைவிசைவு மறுக்கப்படக் காரணமாகிவிடாது. சட்டம் வேறு சில வழிகளையும் வைத்துள்ளது.

வரலாறு

பிறர் உதவியின்றி வாழ இயலாதோரைப் "பொதுச் சுமை" என வகைப்படுத்தி அனுமதி மறுக்கும் விதி, 1882 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலேயே இடம்பெற்றது. பின்னாளில் உறவினர்களிடமிருந்து உறுதிமொழி பெறும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் ஐ-134 என்ற அந்தப் பழைய படிவம் ஒழுக்கம் சார்ந்த வாக்குறுதி மட்டுமே, அதைக்கொண்டு பணம் வசூலிக்க இயலாது என நீதிமன்றங்கள் கருதின. 1996 இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம், குடியேற்ற மற்றும் குடியுரிமைச் சட்டத்தில் 213ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்த ஐ-864 சட்டப்படி செயற்படுத்தத்தக்க ஒப்பந்தமாக அமைந்தது. திருமணத்துக்கு முன் வருங்காலத் துணையை அழைக்கும் கே-1 நுழைவிசைவுக்கு ஐ-134 இன்றும் பயன்படுகிறது. அவ்வாறு வந்தவரும் திருமணத்துக்குப் பின் வதிவுரிமை கோரும்போது ஐ-864 அளிக்கப்பட வேண்டும்.

பெயரில் உறுதிமொழிப் பத்திரம் என்று இருந்தாலும் இப்படிவத்தில் நோட்டரியின் முத்திரை தேவையில்லை. பொய் கூறினால் தண்டனைக்கு உட்படுவதாக ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் போதுமானது.

வருமான வரம்பு

மனுதாரரின் ஆண்டு வருமானம், அமெரிக்க நலத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் வறுமை வரையறையில் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டில் இருவர் கொண்ட குடும்பத்துக்கான வரையறை 21,150 டாலர். அதன் 125 விழுக்காடு 26,437 டாலர். மூவருக்கு இது 33,312 டாலராகவும், நால்வருக்கு 40,187 டாலராகவும் இருந்தது. அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களுக்குத் தனி வரையறை உண்டு. படைத்துறைப் பணியில் உள்ளவர் தம் துணையை அழைத்தால் 100 விழுக்காடே போதும்.

குடும்பத்தின் எண்ணிக்கையில்தான் பலர் தவறுகின்றனர். மனுதாரர், வரவிருக்கும் துணை, மனுதாரரின் பிள்ளைகள், வரிக்கணக்கில் காட்டப்பட்ட பிற சார்ந்தோர் ஆகியோருடன், மனுதாரர் முன்பு எவருக்கேனும் இதே படிவத்தில் கையொப்பமிட்டு அக்கடப்பாடு இன்னும் முடியாதிருந்தால் அவரும் கணக்கில் சேர்க்கப்படுவார். தாய் தந்தையரை ஏற்கனவே அழைத்துக்கொண்ட ஒருவர் மனைவியை அழைக்கும்போது, வீட்டில் இருவர் மட்டுமே வாழ்ந்தாலும், வரம்பு நால்வருக்கானதாகிவிடும்.

வருமானத்துக்குச் சான்றாக அண்மை ஆண்டின் வருமான வரிக்கணக்கு கேட்கப்படுகிறது. ஆயினும் முடிவு செய்வது மனுதாரரின் தற்போதைய வருமானமே. சென்ற ஆண்டு மாணவராக இருந்து இவ்வாண்டு வேலைக்குச் சேர்ந்தவர், பணியமர்த்தியவரின் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்துத் தகுதி பெறலாம்.

வருமானம் போதாதபோது

முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது, வருமானமே இல்லாவிட்டாலும் மனுதாரர் தம் பெயரில் ஐ-864 அளித்தே ஆக வேண்டும் என்பதாகும். வேறொருவர் பொறுப்பேற்பதனால் மனுதாரரின் கடமை நீங்கிவிடாது.

குறைவை ஈடுசெய்ய மூன்று வழிகள் உள்ளன. மனுதாரருடன் ஒரே வீட்டில் வாழும் உறவினர், ஐ-864ஏ என்னும் துணைப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தம் வருமானத்தைச் சேர்க்கலாம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எளிய வழி. வரவிருக்கும் துணையின் சம்பளத்தைச் சேர்ப்பதற்கோ கடுமையான நிபந்தனை உண்டு: குடியேறிய பிறகும் அதே மூலத்திலிருந்து அவ்வருமானம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். எனவே தருமபுரியில் ஆசிரியையாகப் பணியாற்றும் மனைவியின் சம்பளம் எவ்வளவு இருந்தாலும், பணியை விட்டுச் செல்லவிருப்பதால் அது கணக்கில் வராது.

இரண்டாவது வழி இணைப் பொறுப்பேற்பாளர். இவர் 18 வயது நிரம்பிய, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ நிரந்தர வதிவுரிமையாளராகவோ இருக்க வேண்டும்; உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மனுதாரரின் வருமானத்துடன் தம் வருமானத்தைக் கூட்டிக் காட்ட இவரால் இயலாது. தம் குடும்பத்துடன் வரவிருப்பவரையும் சேர்த்து முழு வரம்பையும் தனித்தே எட்ட வேண்டும். மனைவியும் இரு பிள்ளைகளும் உடைய ஒருவர் இவ்வாறு கையொப்பமிட, ஐவருக்கான 47,062 டாலர் (2025) ஆண்டு வருமானம் தேவைப்பட்டது.

மூன்றாவது வழி சொத்து. பற்றாக்குறை எவ்வளவோ அதன் ஐந்து மடங்கு மதிப்புள்ள சொத்தைக் காட்ட வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு மூன்று மடங்கு போதும். எடுத்துக்காட்டாக, மனுதாரரின் வருமானம் 20,000 டாலர் எனில், இருவருக்கான 2025 வரம்பில் குறைவது 6,437 டாலர். குடிமகனாயின் 19,311 டாலர் சொத்து போதும். பச்சை அட்டை மட்டும் உடையவராயின் 32,185 டாலர் வேண்டும். ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால் முதல் தொகை ஏறக்குறைய 16.4 இலட்சம் ரூபாய்.

இங்கு பலரும் அறியாத செய்தி, இச்சொத்து மனுதாரருடையதாகவே இருக்க வேண்டியதில்லை என்பதாகும். வரவிருக்கும் துணையின் சொத்தும், அது இந்தியாவில் இருந்தாலும், கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதை ஓராண்டுக்குள் பணமாக்க முடியும் என்பதும், அப்பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியும் என்பதும் காட்டப்பட வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் ஆவணங்கள்

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் போன்ற வட்டங்களில் ஒரு குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் வங்கியில் இருப்பதில்லை, நிலமாகவே உள்ளது. அந்நிலத்தைச் சான்றாகக் காட்ட உரிமை, இருப்பிடம், மதிப்பு, கடன் ஆகிய நான்கையும் ஆவணப்படுத்த வேண்டும். கிரயப் பத்திரமும் பட்டாவும் உரிமையைக் காட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றிதழ், பதிவான அடமானம் ஏதும் உண்டா என்பதைக் காட்டும். மதிப்புக்குப் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஓர் அளவுகோல் எனினும், அது சந்தை விலையினின்றும் வேறுபடுவதால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் இணைப்பது நல்லது. வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ செலுத்த வேண்டிய கடன் மதிப்பிலிருந்து கழிக்கப்படும். தமிழில் உள்ள ஆவணங்களுடன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும்.

கூட்டுப் பட்டாவில் உள்ள நிலம் சிக்கலானது. பாகப்பிரிவினை ஆகாத நிலத்தை ஓராண்டுக்குள் விற்க முடியும் என்று தூதரக அலுவலரை நம்பச்செய்வது கடினம். இவ்விடத்தில் பெண்களின் சொத்துரிமை நேரடியாகப் பயன்தருகிறது. தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தமும் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை வழங்கின. அப்பங்கு விடுதலைப் பத்திரம் மூலம் அண்ணன் தம்பிக்கு எழுதித் தரப்படாமல் மணப்பெண்ணின் பெயருக்குப் பிரித்துப் பதிவு செய்யப்பட்டிருந்தால், கணவரின் பற்றாக்குறையை நிரப்ப அதுவே போதுமானதாகலாம்.

விற்ற பணத்தை அனுப்புவதைப் பொறுத்தவரை, இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம், இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இடமளிக்கிறது. மேற்கண்ட தொகைகள் இவ்வரம்புக்கு மிகவும் கீழ்ப்பட்டவை.

திருமணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 இன்படி அனைத்துத் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அளிக்கப்படும். தீர்த்தமலையில் நடந்த திருமணமாயினும் கோயில் இரசீது பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது. மனு ஏற்கப்பட்ட பின் ஆவணங்கள் அமெரிக்காவின் தேசிய நுழைவிசைவு மையத்தில் சரிபார்க்கப்படுகின்றன. குடும்ப வழிக் குடியேற்றத்துக்கான நேர்காணல் பெரும்பாலும் மும்பையிலுள்ள துணைத் தூதரகத்தில் நடைபெறுகிறது. சென்னைக்குச் சென்றால் போதும் என எண்ணிவிடக் கூடாது.

நேர்காணலில் பொருளாதாரச் சான்று போதவில்லையெனில் 221(ஜி) பிரிவின்கீழ் ஒரு தாள் கொடுக்கப்படும். இது மறுப்பு எனப்பட்டாலும் இறுதியானதன்று. ஓராண்டுக்குள் இணைப் பொறுப்பேற்பாளரின் படிவத்தையோ சொத்துச் சான்றையோ அளித்தால் விண்ணப்பம் மீண்டும் பரிசீலிக்கப்படும். மறுபுறம், வரம்பை எட்டிவிட்டால் நுழைவிசைவு உறுதி என்பதும் இல்லை. விண்ணப்பதாரரின் வயது, உடல்நலம், கல்வி, தொழில்திறன் ஆகியவற்றையும் அலுவலர் கருத்திற்கொள்வார்.

கடப்பாட்டின் காலம்

கையொப்பமிடுவோர் குறைவாகவே படித்துப் பார்க்கும் பகுதி இதுவாகும். வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு உழைப்புக்கான சமூகப் பாதுகாப்பு வரவு (ஏறத்தாழ பத்தாண்டு) பெறும் வரை, அல்லது வதிவுரிமையைக் கைவிட்டு நிரந்தரமாக நாட்டை விட்டு வெளியேறும் வரை, அல்லது இறக்கும் வரை பொறுப்பு தொடரும். மணமுறிவு இதை முடிவுக்குக் கொண்டுவராது.

இணைப் பொறுப்பேற்பாளருக்கும் இதுவே விதி. நியூ ஜெர்சியில் உள்ள தூரத்து மாமா ஊர் மரியாதைக்காகப் போட்ட கையொப்பம், அத்தம்பதியர் பிரிந்த பின்னும் அவரைப் பிணைத்திருக்கும். வந்தவர் வருமான அடிப்படையிலான அரசு உதவிகளைப் பெற்றால் அத்தொகையை அரசு அவரிடம் கோரலாம். நுழைவிசைவு வழங்கப்படுவதற்கு முன் உறுதிமொழியைத் திரும்பப் பெறலாம். வந்து சேர்ந்த பின் இயலாது. பொறுப்பேற்றவர் முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் ஐ-865 படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.

இவ்வொப்பந்தம் அரசுக்கு மட்டும் பயன்படுவதன்று. கைவிடப்பட்ட மனைவி அல்லது கணவன், வறுமை வரையறையின் 125 விழுக்காடு அளவுக்குப் பராமரிப்புக் கோரிப் பொறுப்பேற்றவர் மீது தாமே வழக்குத் தொடரலாம். லியூ எதிர் முண்ட் வழக்கில் (2012) ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாறு கோருபவர் வேலை தேட முயன்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை எனத் தீர்ப்பளித்தது. எர்லர் எதிர் எர்லர் வழக்கில் (2016) ஒன்பதாம் வட்ட நீதிமன்றம், பராமரிப்புக் கோரமாட்டேன் எனத் திருமணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தமும் இக்கடப்பாட்டை நீக்காது என்றது. அயல்நாட்டில் தனித்து விடப்படும் பெண்களுக்கு இவை முக்கியமான தீர்ப்புகள்; ஐ-864 இன் நகலொன்றைத் தம்மிடமே வைத்திருக்கும் மனைவியர் அரிது என்பது வருந்தத்தக்கது. கணவனின் கொடுமைக்கு உள்ளாகித் தாமே மனுச் செய்பவருக்கு இப்படிவம் தேவையில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியம் 2012 சூலையில் துணையை அழைப்பவருக்கு 18,600 பவுண்டு ஆண்டு வருமான வரம்பை விதித்தது. 2017 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பைக் கொள்கையளவில் ஏற்றாலும், பிள்ளைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை எனக் குறை கூறியது. 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவைப் போல் இணைப் பொறுப்பேற்பாளர் என்ற பொது வழி அங்கு இல்லாததால், குறைந்த ஊதியம் பெறுவோருக்கு அவ்விதி கூடுதல் கடுமையானது. கனடாவில், கியூபெக் நீங்கலாக, துணையை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்கப்படுவதில்லை. மூன்றாண்டுப் பராமரிப்பு உறுதிமொழி மட்டும் பெறப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2019 இல், குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் தகுதியைத் தொழில்வகையிலிருந்து ஊதியத்துக்கு மாற்றி, 4,000 திராம் ஊதியத்தை, அல்லது தங்குமிடத்துடன் 3,000 திராமை வரம்பாக்கியது. அங்கு வழங்கப்படுவது தற்காலிக வதிவு அனுமதியே ஆதலால், பணி முடிந்தால் குடும்பமும் திரும்ப வேண்டியிருக்கும்.